கோடு விழும் வரை

அறையைக் காலி செய்யச் சொன்ன அன்றுதான் முட்டைகளுக்குக் கண் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. லேப் அக்கா தரையில் குந்தி உட்கார்ந்து, மூன்றடிக் கண்ணாடித் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே கவிழ்த்து வைத்த மண்சட்டியின் பக்கவாட்டில் ஒரு வாரமாக ஆரஞ்சு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்த முட்டைகள் சாம்பல் பூத்திருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு வெள்ளிப் புள்ளி. ஆண் மீன் சட்டியைவிட்டு நகராமல் செட்டையால் விசிறிக்கொண்டே இருந்தது. அதைவிட இரண்டு மடங்கு பெரிய பெண் மீன், வீட்டு மேற்பார்வைக்கு வந்தவள்போல அவ்வப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"பாப்பா, கொஞ்சம் வெளிய வா. பேசணும்" என்றார் அண்ணன்.

நாற்பத்தாறு வயதாகியும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான். அண்ணன் மகனுக்கு அத்தை. அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும், அதைத் தாண்டித் தெருவிலும் லேப் அக்கா. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்பதை எல்லோரும் நிறுத்தி எட்டுப் பத்து வருடம் ஆகிறது.

கூடத்தில் அண்ணி டீ வைத்திருந்தாள். அண்ணன் மகன் செல்போனைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். மூன்று பேரும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள் என்பது டீயின் சூடு ஆறிப்போயிருந்ததிலேயே தெரிந்தது.

"இவன் கல்யாணத்துக்கு இன்னும் நாப்பது நாள்தான் இருக்கு" என்றார் அண்ணன். "வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும். நாளைக்கே மேஸ்திரி வர்றாரு."

"நல்லது."

"பசங்களுக்கு ஒரு ரூம் வேணும். பாத்ரூமோட இருக்கிறது உன் ரூம் ஒண்ணுதான்."

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள்.

"நீ மாடி ரூமுக்குப் போயிடு. காத்தோட்டமா இருக்கும். மேல ஷீட்டுதான், ஆனா ஃபேன் போட்டா ஒண்ணும் தெரியாது. நானே வந்து லைன் இழுத்துத் தரேன்."

அண்ணன் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். எந்தச் சிக்கலையும் ஒரு ஒயரை இழுத்துத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிற மனிதர். கெட்டவர் அல்ல. அவளுடைய தொட்டிக்கான காற்று மோட்டார் எரிந்துபோனபோது, சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து பிரித்துப் பார்த்தவரும் அவர்தான்.

அந்த வீடு அப்பா கட்டியது. பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் உண்டு. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனபோது தெருப் பக்கத்து அறையை அவள்தான் விட்டுக்கொடுத்தாள். அண்ணன் மகன் பரீட்சைக்குப் படிக்கும்போது நடு அறையை விட்டாள். அப்படி ஒவ்வோர் அறையாகப் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசி அறைக்கு வந்து, இனிப் பின்வாங்கச் சுவர்தான் இருக்கிறது என்று ஆனபோது, தன் சம்பளத்தில் அங்கே ஒரு குளியலறை கட்டிக்கொண்டாள். இப்போது அந்தக் குளியலறைக்காகத்தான் அறையைக் கேட்கிறார்கள்.

"முடியாது அண்ணே" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அவளுக்கே அது யாரோ பின்னாலிருந்து சொன்னதுபோல் இருந்தது.

"முடியாதுன்னா?"

"முட்டைக்குக் கண்ணு வந்திருச்சு. இன்னைக்கோ நாளைக்கோ பொரியும். பொரிஞ்சு பதினஞ்சு நாள் அந்த ரூம்ல ஒரு சாமான் நகரக் கூடாது. ஒரு தும்மல்கூடக் கூடாது."

"மீனுக்காகவா?" அண்ணன் சிரித்துவிட்டார். "கோமாளி மீன்னு பேரு வச்சது சரியாத்தான் இருக்கு. ஏற்கெனவே நாலு தடவை பொரிச்சது, நாலு தடவையும் மூணாம் நாளே போய்ச் சேர்ந்தது. இந்தத் தடவை மட்டும் என்ன படிச்சு வேலைக்குப் போகப் போகுதா?"

"போகட்டும், போகாட்டிப் போகுது. பதினஞ்சு நாள்."

அண்ணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பதினஞ்சு நாள்தானேங்க கேக்குறா" என்றாள். "மத்த ரூமெல்லாம் முதல்ல அடிக்கட்டும். கடைசியா இதுக்கு வரலாம்."

அப்படித்தான் தவணை கிடைத்தது.

மறுநாள் மாலை வேலையிலிருந்து வந்ததும் மண்சட்டியைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல் வாளிக்குள் நழுவவிட்டு, சின்னத் தொட்டிக்கு மாற்றினாள். நான்கு பக்கமும் கறுப்பு அட்டை ஒட்டிய இருபது லிட்டர்த் தொட்டி. ஆண் மீனின் செட்டைக்குப் பதிலாகச் சட்டிக்குப் பக்கத்தில் காற்றுக் குழாயை வைத்தாள். விளக்கை அணைத்துக் கதவுக்கு அடியில் துணி திணித்துவிட்டு, இருட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கூடத்தில் தொலைக்காட்சிச் செய்தி ஓடி முடிந்தது. டார்ச்சின் மேல் கைக்குட்டையைப் போர்த்தி மெல்ல அடித்தாள்.

நகத்துணுக்கு அளவுகூட இல்லாத நூல்கள், கண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி வந்தன. பத்து, ஐம்பது, நூறு. அதற்கு மேல் எண்ண முடியவில்லை. இருநூறு இருக்கும்.

"வாங்கடா" என்றாள்.

முந்தைய நான்கு தடவையும் ஏன் செத்தன என்று அவளுக்கு இப்போது தெரியும். பசி. அந்த வாய்க்குள் போகிற அளவுக்குச் சின்னத் தீனி, ரோட்டிஃபர் என்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒன்றுதான். அது உயிரோடு, எப்போதும், வாயைத் திறந்தால் உள்ளே போகிற நெருக்கத்தில் இருக்க வேண்டும். ஆறு மாதமாக ஜன்னல் ஓரத்தில் பிளாஸ்டிக் பாட்டில்களில் பச்சைத் தண்ணீர் வளர்த்து, அதில் அந்தப் பூச்சியை வளர்த்து வைத்திருந்தாள். பரிசோதனைக் கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ரத்த அணுக்களை எண்ணுகிற அதே மைக்ரோஸ்கோப்பில் ஒரு துளியை வைத்து எண்ணிப் பார்ப்பாள். ஒரு துளிக்கு எட்டுக்குக் கீழே போனால் அன்று இரண்டு பாட்டில் கூடுதலாக ஊற்றுவாள். இருபது வருடத்துக்கு மேல் அடுத்தவர் ரத்தத்தை எண்ணிய கை. எண்ணிக்கை தப்பாது.

மூன்றாம் நாள் தாண்டியது. நான்காம் நாளும் தாண்டியது.

விடியற்காலையில் எழுந்து மெல்லிய குழாயால் அடிக்கசடை உறிஞ்சி எடுப்பாள். அதில் ஒரு குஞ்சு தவறி வந்தாலும் தேக்கரண்டியால் கோதித் திரும்ப விடுவாள். புது உப்புத் தண்ணீரை டிரிப்ஸ் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். குளித்து, ரொட்டியைத் தின்றதும் தின்னாததுமாக வேலைக்கு ஓடி, மதியம் ஒரு தரம் வந்து தீனி ஊற்றிவிட்டு மறுபடி ஓடுவாள். அண்ணி ஒரு நாள் வாசலில் மறித்து அவித்த முட்டை இரண்டைக் கையில் திணித்தாள்.

"அதுங்களுக்கு ஊட்டுறவ நீ ஏதாவது தின்னியா?"

"தின்னேன் அண்ணி."

"பொய் சொன்னா முகத்துல தெரியுது. பெத்தவகூட இப்படி அலைய மாட்டா."

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணி. இதுங்க என் பிள்ளைங்க இல்ல. மீனு. நாலு தடவை தோத்துட்டேன், அஞ்சாவது தடவை தோக்கப் பிடிக்கல. அவ்வளவுதான்."

அண்ணி ஒரு கணம் யோசித்துவிட்டு, "அது சரி" என்றாள்.

பெயின்ட்டர் மேஸ்திரி ஐம்பது வயது ஆள். ஏணி மேல் நின்றபடி பேசிக்கொண்டே வேலை செய்கிறவர். பேச்சு நின்றால் தூரிகையும் நின்றுவிடும். ஐந்தாம் நாள் அவர் கூடத்துச் சுவரில் பட்டி பூசிக்கொண்டிருந்தபோது லேப் அக்கா போய் நின்றாள்.

"மேஸ்திரி, சுவத்துக்கு அடிக்கிறது பரவாயில்ல. கதவு ஜன்னலுக்கு அடிக்கிற ஆயில் பெயின்ட், தின்னர், அந்த வாடை என் ரூமுக்குள்ள வரக் கூடாது. காத்து மோட்டார் ரூம்ல இருக்கிற காத்தத்தான் இழுத்துத் தண்ணிக்குள்ள விடுது. வாடை உள்ள போனா அத்தனையும் செத்துரும்."

"வாடைக்கேவா அக்கா? நான் முப்பது வருசமா இதத்தான் குடிக்கிறேன், ஒண்ணும் ஆகலையே?"

"ராத்திரி இருமல் வருமா?"

மேஸ்திரி ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். "வரும்" என்றார், யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பதுபோல.

அன்றே அவள் கதவுச் சந்தெல்லாம் டேப் ஒட்டினாள். ஒரு தாளில் பெரிதாக, 'கதவைத் திறக்கும் முன் கூப்பிடவும்' என்று எழுதித் தன் செல் நம்பரையும் போட்டு ஒட்டினாள். மேஸ்திரி அந்த நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். "மீன் அக்கான்னு போட்டுக்கிறேன்" என்றார்.

ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சுவர் காயவில்லை. ஜன்னல் திறக்க முடியவில்லை. வீடு முழுக்க ஈரச் சுண்ணாம்பு வாடை. மேஸ்திரிக்கு அடுத்த வாரம் வேறு இடத்தில் வேலை இருந்தது. அண்ணன் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டு, வானத்தைப் பார்த்துத் திட்டினார். குஞ்சுகள் நூற்றைம்பதுக்குக் குறையாமல் இருந்தன. உடம்பில் ஆரஞ்சு ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் ஓரிரு நாளில் தலைக்குப் பின்னால் வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்துவிட்டால் பிழைத்தது. விழுவதற்கு முந்தைய அந்த இரண்டு நாள்தான் கண்டம். உடம்பு முழுவதும் மாறுகிற நேரம், சின்னத் தொந்தரவையும் தாங்காது.

ஒன்பதாம் நாள் முற்பகல். ஒரு பெரியவரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ரத்தத்தை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள்.

"அக்கா, மேஸ்திரி பேசுறேன்." குரல் தணிந்திருந்தது. "நீங்க உடனே வரணும். உங்க அண்ணன் சாவி போட்டுத் தொறந்து விட்டுட்டாரு. கதவு ஜன்னலாவது இன்னைக்கு முடிச்சுடுங்கன்னாரு. நான் சொன்னேன் அக்கா, சத்தியமா சொன்னேன். ஜன்னல ஒரு பக்கம் தொறந்து வச்சுட்டு அடியுங்க, ஒண்ணும் ஆகாதுன்னாரு. பாதிக் கதவு அடிச்சிட்டேன். இப்ப எட்டிப் பாத்தா, குட்டிங்க அடியில படுத்துக் கெடக்கு."

"மோட்டார் பிளக்கப் பிடுங்குங்க. ரெண்டையும். இப்பவே."

ஆட்டோவில் வரும்போது அவள் அழவில்லை. கோபம்கூட முழுதாக வரவில்லை. மனதில் கணக்குத்தான் ஓடியது. மூடி போட்ட டிரம்மில் நாற்பது லிட்டர் உப்புத் தண்ணீர் இருக்கிறது. மூடியிருப்பதால் வாடை இறங்கியிருக்காது. பெரிய தொட்டி தாங்கும். சின்னதை அந்த அறையைவிட்டு உடனே எடுக்க வேண்டும். எங்கே? கூடத்தில் வாடை. நடு அறையில் நேற்றுத்தான் ஜன்னலுக்கு அடித்தார்கள். வீட்டில் இன்னும் தூரிகை படாத அறை ஒன்றே ஒன்று.

வாசலில் மேஸ்திரி நனைந்தபடி நின்றார். அவள் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனாள். தின்னர் வாடை மூக்கில் குத்தியது. கறுப்பு அட்டைத் தொட்டியின் அடியில், மழையில் உதிர்ந்த பூக்காம்புகள்போலக் குஞ்சுகள் கிடந்தன. டார்ச் அடித்தாள். நிறைய வெளுத்துவிட்டன. சில பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. கொஞ்சம், மிகக் கொஞ்சம், ஒரு மூலையில் இன்னும் நீந்திக்கொண்டிருந்தன.

பாதித் தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றினாள்.

"மேஸ்திரி, கைய நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. அந்தப் பக்கம் பிடிங்க."

"எங்க அக்கா கொண்டு போறோம்?"

"எங்க அண்ணன் ரூமுக்கு."

மேஸ்திரி அவள் முகத்தைப் பார்த்தார். தொட்டியின் அந்தப் பக்கத்தைத் தூக்கினார்.

அண்ணன் அறையில் கண்ணாடி வைத்த மேசை இருந்தது. அதன் மேலிருந்த பவுடர் டப்பா, சீப்பு, அண்ணனின் மருந்துப் பெட்டி, கல்யாணப் பத்திரிகைக் கட்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கட்டிலில் தள்ளிவிட்டுத் தொட்டியை வைத்தாள். டிரம்மையும் உருட்டிக்கொண்டு வந்தார்கள். டிரிப்ஸ் குழாயில் புதுத் தண்ணீரைச் சொட்டவிட்டாள். காற்று மோட்டாரை வெளிப்பக்க ஜன்னல் திண்டில் மழை படாமல் வைத்து, குழாயை உள்ளே இழுத்தாள். பிறகு அண்ணனின் கட்டிலில், அண்ணனின் தலையணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவற்றை ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுக்க ஆரம்பித்தாள்.

அண்ணி வாசற்படியில் வந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், தரையில் ஓடிய உப்புத் தண்ணீரைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு பழைய துண்டை எடுத்துவந்து கதவுக்கு அடியில் திணித்தாள்.

மாலையில் அண்ணன் வந்தார்.

"என்ன பாப்பா இது? இது என் ரூம்."

"தெரியும் அண்ணே. நீ என் ரூம்ல பெயின்ட் அடிச்ச. நான் உன் ரூம்ல மீன் வச்சிருக்கேன்."

"வாடைக்குச் சாகும்னு எனக்கென்ன தெரியும்?"

"மேஸ்திரி சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு. அவரு எல்லாத்துக்கும் ஏதாவது சொல்லுவாரு."

"நான் சொன்னேனா இல்லையா? கதவுல எழுதி ஒட்டினேனா இல்லையா? அதக் கிழிச்சது யாரு?"

அண்ணன் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கி, மறுபடி போட்டுக்கொண்டார். "சரி, தப்புதான். அதுக்காக இப்படியா? நான் எங்க படுக்குறது?"

"கூடத்துல. ஜன்னல ஒரு பக்கம் தொறந்து வச்சுக்க, வாடை ஒண்ணும் பண்ணாது."

அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள். அது இருமல் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

அண்ணன் ஆறு நாள் கூடத்தில் படுத்தார். லேப் அக்கா லீவு போட்டுவிட்டு அந்த அறையிலேயே கிடந்தாள். அறையில் கடல் வாடை அடித்தது. பாட்டிலில் பொரித்த ஆர்ட்டீமியா, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான செம்பொடித் தீனி, அண்ணியின் பொட்டுத் தாளுக்குப் பக்கத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் மேலும் இருபது செத்தன. பதினோராம் நாள் ஒன்றும் சாகவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது அண்ணி கத்திய கத்தலில் பாதிச் சோப்போடு ஓடிவந்தாள்.

"இங்க பாரு, இங்க பாரு! இதுக்கு யாரோ சுண்ணாம்பு தடவின மாதிரி இருக்கு!"

தலைக்குப் பின்னால் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. ஊசியால் கீறியதுபோல. அவளுடைய விரல் நகத்தைவிடச் சின்னதாக இருந்த அந்த மீன், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தொட்டியே தனக்கு எழுதிவைத்ததுபோல நடுவில் நின்று ஆடியது. மத்தியானத்துக்குள் இன்னும் நான்குக்கு விழுந்தது. பதினைந்தாம் நாள் எண்ணியபோது முப்பத்துநான்கு.

அன்று சாயங்காலம் தொட்டியைத் தன் அறைக்கே திரும்பக் கொண்டுபோனாள். மழை நின்று மூன்று நாளாயிருந்தது, ஜன்னல் திறந்து கிடந்து வாடையும் போயிருந்தது. பெரிய தொட்டியில் ஜோடி மீன்கள் ஒன்றும் நடக்காததுபோல இருந்தன. அவள் தொட்டியை நிலைப்படுத்தி நிமிர்ந்தபோது அண்ணன் பின்னால் நின்றார். கையில் அளவெடுக்கிற டேப் இருந்தது.

"கோடு விழுந்தாச்சு. நீ கேட்ட நாளும் முடிஞ்சுது. நான் பேசாம கூடத்துல படுத்தேன், ஒரு வார்த்தை சொன்னேனா? இப்ப மாடிக்கு மாத்திடலாம். ஷீட்டுக்குக் கீழ பலகை அடிச்சுத் தரேன், சூடு எறங்காது. தொட்டிக்குத் தனி லைன். உன் மீனுக்கு ஒரு குறையும் வராது."

அவர் உண்மையாகவே யோசித்திருந்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. அவளுடைய நாக்கு நுனிவரை வழக்கமான 'சரி' வந்துவிட்டது. இன்னொரு நாள் கணக்கு, இன்னொரு காரணம் சொல்லலாம் என்றும் தோன்றியது. குஞ்சு வளர இன்னும் இரண்டு மாதம், தண்ணீர் சூடு ஒத்துக்கொள்ளாது, இப்படி எத்தனையோ. எல்லாம் உண்மையும்கூட. ஆனால் காரணம் சொல்லச் சொல்ல, அந்தக் காரணம் தீருகிற நாளும் ஒன்று வரும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இல்ல அண்ணே."

"இன்னும் எத்தனை நாள் வேணும், சொல்லு."

"அந்தப் பதினஞ்சு நாள் மீனுக்குக் கேட்டது. எனக்குன்னு நான் நாள் எதுவும் கேக்கல. இது என் ரூம். நான் போகல."

"அப்ப பசங்க எங்க இருப்பாங்க?"

"உன் பிள்ளை கல்யாணம். யோசிச்சு வை."

"ஊரு என்ன சொல்லும்? கல்யாணமாகாத அத்தை ரூமப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்னு..."

"நிக்கலையே, உக்காந்திருக்கேன்." உண்மையிலேயே கட்டிலில் உட்கார்ந்தாள். "வேணும்னா நீயும் உக்காரு. ஆனா பேச்சு அதேதான்."

அண்ணன் உட்காரவில்லை. டேப் சரக்கென்று சுருண்டு உள்ளே போன சத்தத்தோடு வெளியேறினார். அப்புறம் ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. பேச வேண்டியதை அண்ணி மூலமாகவும், சுவர் மூலமாகவும் பேசினார். அண்ணன் மகன் ஒரு நாள் வந்து, "அத்தை, எனக்கு எந்த ரூமா இருந்தாலும் ஓகேதான்" என்றான். "அத உங்கப்பாகிட்ட சொல்லு" என்றாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

பத்தாம் நாள் பெண் வீட்டிலிருந்து வந்தார்கள். பெண்ணும் அவள் அம்மாவும். வீட்டைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்பதை மறைக்க அந்த அம்மா கொஞ்சம் பாடுபட்டாள். டீ குடித்து முடிந்ததும் அண்ணன் எழுந்து ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வந்தார். கடைசி அறை வாசலில் வந்து நின்றார். வேண்டுமென்றேதான் நின்றார். வந்தவர்கள் முன்னால் தங்கை மறுத்துப் பேச மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். நாற்பத்தாறு வருடமாகத் தெரியும்.

உள்ளே லேப் அக்கா தொட்டிக்குத் தீனி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அடடா, பாத்ரூமெல்லாம் இருக்கே" என்றாள் பெண்ணின் அம்மா. "இந்த ரூம் யாருக்கு?"

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"எனக்குங்க" என்றாள் லேப் அக்கா. தீனிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள். "பத்து வருசமா நான்தான் இருக்கேன். உள்ள வாங்க. தரை ஈரம், பாத்து வாங்க."

அண்ணன் கழுத்து சிவந்தது. அண்ணி அவருக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள்.

"முன்னாடி இருக்குதே எங்க ரூம், அதத்தான் பசங்களுக்குக் குடுக்கிறோம்" என்றாள் சாதாரணமாக. "நல்ல வெளிச்சம். நாங்க மாடிக்குப் போயிடுறோம். இவரு பலகை அடிச்சு லைன் இழுத்துத் தரேன்னிருக்காரு. இல்லீங்களா?"

அண்ணன் மனைவியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பெண்ணின் அம்மா பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றார். "காத்தோட்டமா இருக்கும்."

பெண் அதற்குள் தொட்டி முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டாள். "இத்தனையும் நீங்க வளத்ததா? எப்படிங்க உயிரோட வந்துச்சு?"

"சொல்றேன்" என்றாள் லேப் அக்கா, அவளுக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு. "முதல்ல அந்தத் தீனிக் கிண்ணத்த எடு. ஒரு கரண்டி. அதுக்கு மேல ஊத்தாத."